சதுப்போரத்து இடம்

ஹெங்கலோ, நெதர்லாந்து
29 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஹால்வார் எழுதுகிறேன். நலம் விசாரித்து அரைப் பக்கம் நிரப்ப எனக்கு வராது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் ரூனே அத்தானும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் ஃபோன் வந்திருக்கும்.

கால்பந்து கிளப்பில் இது மூன்றாவது பருவம். லெஃப்ட் பேக் இடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பயிற்சியாளர் புது ஆள். ஒரு மணி நேரம் ஓடவிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார். ஊர் ஆலையில் மின்வேலை பார்த்தபோது நாங்கள் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிய நேரம் அது. இந்த ஊர்க்காரர்களுக்குப் பேச்சு என்றால் சாப்பாடு. நிஜச் சாப்பாடோ வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மதியமும் அதுவே. குடியிருக்கும் வீட்டில் மின்கம்பி போட்டவனைப் பிடித்து இரண்டு அறை விட வேண்டும். எர்த்தே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நானே மாற்றினேன். வீட்டுக்காரி அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அடுத்த ஆட்டம் செப்டம்பர் 5, புதன்கிழமை, வெளிநாட்டில். தேசிய அணியில் என் பெயர் இருக்கிறது. ஊரில் மூஸ் மான் வேட்டை தொடங்குவது திங்கட்கிழமை மூன்றாம் தேதி. ஆகவே இந்த வருடமும் என்னால் வர முடியாது. வேட்டையில் நான் துப்பாக்கியோடு நிற்கும் சதுப்போரத்து இடத்தை எனக்காக வைத்திரு. உன் ஆட்களிடம் இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல். நீதானே வேட்டைத் தலைவி, உன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா.

உன் தம்பி,
ஹால்வார்


கிரான்லீடன், ஸ்வீடன்
8 ஆகஸ்ட் 1984

தம்பி ஹால்வாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நீ வந்திருக்க வேண்டும்.

காப்பி ஊற்றி உட்கார்ந்ததுமே பிர்யர் ஆரம்பித்துவிட்டான். தொடர்ந்து இரண்டு வருடம் வராதவன் மூன்றாம் வருடமும் வராவிட்டால் அவன் இடம் அடுத்தவனுக்கு. விதியைப் போட்டது நம் அப்பா. அதை நீயும் மறந்திருக்க மாட்டாய். எஸ்கில் உனக்காகப் பேசினான்.

"அவன் என்ன ஊர் சுத்தவா போயிருக்கான்? ஸ்வீடனுக்கு ஆடுறான்யா."

"ஆடட்டும். நல்லா ஆடட்டும். நான் அஞ்சு வருஷமா மான விரட்ட நாய்க்குப் பின்னாடி முழங்கால் தண்ணில நடக்குறேன். என்னைப் பத்தி யாராச்சும் ரேடியோல சொன்னாங்களா?"

"உன்னைப் பத்தி நாயே நல்லதா சொல்லாது," என்றான் எஸ்கில். எல்லோரும் சிரித்தார்கள், பிர்யரும்தான். ஆனால் சிரித்து முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பொம்பளை வேட்டைத் தலைவியா என்று முதல் வருடம் இதே மேசையில் கேட்டவர்கள்தான் இவர்கள். தம்பிக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று நான் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் நான் ஊதும் கொம்பை யார் மதிப்பார்கள்?

ஆகவே முடிவு இதுதான். திங்கட்கிழமை காலை நீ அங்கே நின்றால் இடம் உன்னுடையது. நிற்காவிட்டால் பிர்யருடையது. உன்னை வா என்று நான் சொல்லவில்லை. உன் வேலை உனக்கு. ஆனால் ஊரிலேயே நல்ல இடம் அது என்பது உனக்கும் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மூஸ் மான் அந்தச் சதுப்பைத்தான் கடந்து போகும். போனால் திரும்பக் கிடைக்காது. பிர்யருக்கு மூன்று பையன்கள்.

சதுப்புப் பழம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. உனக்கு இரண்டு புட்டி ஜாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா,
ஆஸ்தா


ஹெங்கலோ
20 ஆகஸ்ட் 1984

அக்கா,

வருகிறேன். கேள்வி கேட்காதே.

கேட்பாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வரும் வாரம் தேசிய அணிக்கு ஃபோன் செய்து, கெண்டைக்காலில் சதை பிடித்துவிட்டது, கிளப் மருத்துவர் இங்கேயே ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று சொல்லப் போகிறேன். கிளப்பில் நான் தேசிய அணிக்குப் போயிருப்பதாக நினைப்பார்கள். திரும்பி வந்து, பயிற்சி முகாமில் சதை பிடித்தது என்று இவர்களிடம் சொன்னால் முடிந்தது. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் பத்து நாள் நான் யாருடைய கணக்கிலும் இல்லை. இரண்டு மின்சுற்றுக்கும் நடுவே இணைப்புக் கிடையாது, அவ்வளவுதான்.

பொய்தான். ஆனால் இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கும் இல்லை. எனக்கு மாற்றாக யெர்க்கர் வால்மோ என்று ஒரு பையன் இருக்கிறான். நம் பக்கம் உமியோ நகரத்துக்காரன், இருபத்தொரு வயது, நல்ல இடது கால். இரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஓர் ஆட்டம் கிடைக்கும். எனக்கு என் இடம் கிடைக்கும்.

சனிக்கிழமை இரவு ரயிலில் வருகிறேன். நம் ஸ்டேஷனில் இறங்க மாட்டேன், ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவேன். அத்தானை காரோடு அனுப்பு. கடையில் போய் உளறாமல் இருக்கச் சொல்.

ஹால்வார்


ஹெங்கலோ
12 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லாமல் கிளம்பியதற்குக் கோபித்திருப்பாய். வேட்டை வாரம் முடியும் முன் யாரும் போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் நீ கறியை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாய். வேட்டைக் குடிசையில் நடந்தது உனக்குத் தெரியாது. எஸ்கில் சொல்லியிருக்க மாட்டான். அவன் மற்றதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்வான், இதைச் சொல்ல மாட்டான்.

சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியோவைப் போட்டோம். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. குரல் வரும், மங்கும். நான்தான் பேட்டரிகளைக் கழற்றி அடுப்பு ஓரத்தில் சூடு காட்டி மறுபடி போட்டேன். சூடு பட்டால் கொஞ்ச நேரம் உயிர் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ரேடியோவை விட்டிருந்தால் அதுவே அணைந்திருக்கும். நான் விடவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்.

கோல் இல்லாமலேயே ஆட்டம் கடைசி வரை வந்தது. சமநிலை போதும் நமக்கு. பையன் நன்றாக ஆடுகிறான் என்று வர்ணனையாளரே இரண்டு முறை சொன்னார். எஸ்கில் என்னைப் பார்த்து, "பாத்துக்கோடா, உன் சட்டைய எடுத்துட்டுப் போயிருவான் போல," என்றான். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர்களுக்கு ஒரு கார்னர்.

உனக்கு ஆட்டம் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எதிராளி மைதான மூலையிலிருந்து கார்னர் அடிக்கும்போது லெஃப்ட் பேக் நிற்க வேண்டியது கோலின் கிட்டத்துக் கம்பத்தில். ஒரு கை கம்பத்தைத் தொட்டபடி. பந்து வெளியே போகும் வரை அங்கேயே. என்ன ஆனாலும் நகரக் கூடாது. தேசிய அணியில் நான் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்தக் கம்பத்தில் நின்றிருக்கிறேன். அது திறமையே இல்லை. சும்மா நிற்கிற வேலை.

பையன் பந்தைத் தலையால் முட்டலாம் என்று இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டான். பந்து அவனைத் தாண்டி, அவன் விட்டு வந்த இடத்தின் வழியாக உள்ளே போனது. வர்ணனையாளர் சொன்னார்: "கம்பத்தில் ஆளே இல்லை. வால்மோ எங்கே போனார்?"

பிர்யர் கேட்டான், கிண்டலே இல்லாமல், நிஜமாகவே கேட்டான்:

"அந்தக் கம்பத்துல நீதான நிப்ப?"

எஸ்கில் எழுந்து, "அணைச்சிடட்டுமா?" என்றான். அதற்குள் பேட்டரியே செத்துவிட்டது. எல்லோரும் சூப்பை ஊற்றிக்கொண்டார்கள். என் கிண்ணத்தையும் யாரோ நிரப்பி முன்னால் வைத்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம். நான் வெளியே போய் விறகு பிளந்தேன். தேவைக்கு மேலேயே பிளந்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்தும் சதுப்பில் ஒரு மூஸ் கூடக் கடக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். எழுத வேறு ஆள் இல்லை.

ஹால்வார்


கிரான்லீடன்
24 செப்டம்பர் 1984

தம்பிக்கு,

எஸ்கில் சொல்லவில்லைதான். ஆனால் விறகுக் குவியலைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

இப்போது என் கதையைக் கேள். உமியோவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். 'ஹால்வார் இருந்திருந்தால்' என்று ஒரு கட்டுரை எழுதுகிறானாம். கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். ரூனே பின்னாலிருந்து இருமினார். இருமி என்ன பயன்.

"தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல. ஹாலந்துல கால நீட்டிப் படுத்திருக்கான்."

"ரொம்ப வலியா?"

"மாடி ஏற முடியலன்னு சொன்னான்."

மாடிப் பேச்சை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பொய் சொன்னால் ஒன்றோடு நிறுத்த வராது போலிருக்கிறது. அதை அப்படியே என் பெயரோடு, வேட்டைத் தலைவி ஆஸ்தா என்று போட்டு அச்சடித்துவிட்டான். வேட்டைக் குழுவில் என்னையும் சேர்த்து எட்டுப் பேருக்கு அது பொய்யென்று தெரியும். மற்ற ஏழு பேரும் கடையில் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தலையசைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதோடு ஒரு பெரிய உறை வரும். அதைத் தயவுசெய்து நின்றுகொண்டு திறக்காதே. பள்ளிக்கூடத்தில் மாய்பிரிட் டீச்சர் குழந்தைகளை உட்காரவைத்து, 'சீக்கிரம் குணமாகுங்கள் ஹால்வார்' என்று உனக்குப் படம் வரையச் சொல்லியிருக்கிறார். பாவம், அவர் வெளியூர், ஒன்றும் தெரியாது. குழந்தைகளில் பாதிப் பேருக்கு அப்பா நம் வேட்டைக் குழுவில். எஸ்கிலின் பேத்தி, தோலுரிக்கிற கொட்டகையில் உன் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றாளே, அவள்தான் எல்லோரையும் விட நன்றாக வரைந்திருக்கிறாள். காலில் மாவுக்கட்டோடு நீ, பக்கத்தில் ஒரு மூஸ்.

"மூஸ் எதுக்கும்மா?" என்று டீச்சர் கேட்டாராம்.

"அவருக்குப் பிடிக்கும் டீச்சர்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஏழு வயது. யாரும் அவளிடம் சொல்லாதே என்று சொல்லிவைக்கவும் இல்லை. இந்த ஊரில் பிறந்தவள், அதுவாகவே வந்துவிடுகிறது.

நீ எதையும் வெளியே சொல்ல வேண்டாம். சொன்னால் உன் பெயர் மட்டும் போவதில்லை இப்போது.

ஆஸ்தா


ஹெங்கலோ
21 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

படங்கள் வந்தன. மேசையில் வைத்தேன், பிறகு அலமாரியில் வைத்தேன், பிறகு கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்தேன். எங்கே வைத்தாலும் இந்த வீட்டில்தான் இருக்கின்றன.

இந்த மாத ஆட்டத்துக்குத் தேசிய அணியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன், ஆடினேன், ஜெயித்தோம். மைதானத்தில் என் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து கைதட்டியது, பிழைத்து வந்தவனுக்குத் தட்டுவது போல. பாதி ஆட்டத்துக்குப் பிறகு வால்மோவும் மாற்று ஆளாக வந்தான். அவன் காலில் பந்து பட்ட போதெல்லாம் கேலியாக விசிலடித்தார்கள். சொந்த நாட்டுக் கூட்டம். எனக்குப் பத்து கெஜம் தள்ளி அவன் ஆடினான். அவனிடம் பந்தைத் தள்ளாமல் நான் நானே வைத்துக்கொண்டேன், விசிலைக் கேட்க முடியாமல். அது அவனுக்கு இன்னும் அசிங்கமாகிவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. நானும் அவனை நம்பவில்லை என்றுதானே கூட்டம் நினைத்திருக்கும்.

நான் திரும்பி வந்த மறுநாள் அவன் ஃபோன் செய்தான்.

"தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சிடுங்க. முகாம்லயே சொல்லணும்னு நெனச்சேன். தைரியம் வரல."

"என்ன?"

"உங்க எடத்துல நிக்கச் சொன்னாங்க, அதைக் கெடுத்துட்டேன். நீங்க வலியோட படுத்துக்கிட்டு அதைக் கேட்டிருப்பீங்க. அதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல" என்றேன். அவனை மன்னித்தேன், அக்கா. மன்னிக்கிற குரலில் சொன்னேன். பாரம் குறைந்தவன் மாதிரி அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

எனக்கு மூடி மூடிப் பேச வராது என்று நீ எப்போதும் சொல்வாய். பயிற்சியாளரை முகத்துக்கு நேரே திட்டுவேன், வீட்டுக்காரியிடம் எர்த் இல்லை என்று கத்துவேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உன் பெயர் அச்சில் வந்துவிட்டது என்பதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. சொன்னால் என்னை அணியில் சேர்க்க மாட்டார்கள். தேசிய அணியின் மஞ்சள் சட்டையை விட மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஹால்வார்


கிரான்லீடன்
18 நவம்பர் 1984

தம்பி,

நேற்று நம் ஊர்க் கால்பந்து கிளப்பின் பரிசு விழா. வருடா வருடம் குழந்தைகளுக்குக் கோப்பை கொடுக்க நீ வருவாய். இந்த முறை கால் மறுபடி வலிக்கிறது, பயணம் வேண்டாம் என்று நானே கமிட்டியிடம் சொல்லிவைத்திருந்தேன். குழந்தைகளின் முகத்தை உன்னால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். கமிட்டியில் யாரோ புத்திசாலி, பக்கத்தில்தானே இருக்கிறார் என்று வால்மோவைக் கூப்பிட்டுவிட்டான். எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை.

பனியில் தனியாக கார் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒல்லியாக, காது சிவந்து. உள்ளே நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றி எல்லோருடைய பூட்ஸோடும் வரிசையாக வைத்தான். நான் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நடந்தான்.

உனக்குத் தெரியும், நமக்குக் கூட்ட மண்டபம் ஒன்றுதான். ஒரு சுவர் பந்துக்கு, எதிர்ச் சுவர் வேட்டைக்கு. வேட்டைச் சுவரில் ஒவ்வொரு வருடமும் முதல் மூஸோடு குழு நிற்கிற படத்தை மாட்டுவோம். காலடியில் சிலேட்டில் தேதி. அப்பா காலத்திலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. எஸ்கில் இந்த வருடத்துப் படத்தையும் வழக்கம்போல மாட்டியிருக்கிறான். மாட்டாமல் விட அவனுக்கும் தோன்றவில்லை, கழற்ற எனக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற சுவரை யார் பார்க்கிறார்கள்.

அவன் அந்தப் படத்தின் முன்னால் நின்றான். 4 செப்டம்பர் 1984. என் வலது பக்கம் நீ, மூஸின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் நன்றாக ஊன்றி.

நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே போனேன். அவன் திரும்பாமல் கேட்டான்:

"அவருக்கு எந்தக் கால்?"

"இடது," என்றேன். பத்திரிகையில் வலது என்று வந்திருந்தது. அவனுக்கும் தெரியும்.

பிறகு, "மூஸ் நல்ல பெருசுங்க," என்றான். ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டு முடித்தான்.

அப்புறம் பரிசு கொடுத்தான். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கேட்டு, கை குலுக்கி. பிர்யரின் கடைசிப் பையன் இருக்கிறானே, அந்த வாய். கோப்பையை வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டான்.

"கம்பத்தை விட்டு ஏன் வந்தீங்க?"

பிர்யர் எழுந்து பையனின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"விடுங்க," என்றான் வால்மோ. பையனிடம் குனிந்து, "அவசரப்பட்டுட்டேன். நீ அப்படிப் பண்ணாத," என்றான்.

அங்கே வேட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், ஹால்வார். எதிர்ச் சுவரில் உன் படம். ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் கைதட்டினோம். நான் எல்லோருக்கும் முன்னால் தட்டினேன்.

கிளம்பும் முன் அவன் காப்பி குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

வேட்டை நாள் காலையில் நான் எல்லோரிடமும் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். என் கொம்பு கேட்கும் வரை எவனும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அடுத்தவன் குண்டு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. வருடா வருடம் சொல்கிறேன், ஆம்பளைகளைப் பார்த்து, சத்தமாக. இனி எந்த வாயால் சொல்வேன்.

என் பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. போன கடிதத்தில் நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வேண்டுமானால் மாடி ஏற முடியாத கதையையும் சேர்த்தே சொல்.

ஆஸ்தா


ஹெங்கலோ
2 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். முதலில் தேசிய அணிப் பயிற்சியாளருக்கு ஃபோன் செய்தேன். ஒரே மூச்சில், மண்டபத்துப் படம் வரை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டார்:

"மூஸுக்காகவா?"

"ஆமா."

"கெடச்சுதா?"

"இல்ல."

"ஒன்னு கூடவா?"

"ஒன்னு கூட இல்ல. படத்துல இருக்கிறது எஸ்கில் சுட்டது."

"நானும் வேட்டைக்காரன்தான் ஹால்வார்," என்றார். "இருபது வருஷமா செப்டம்பர்ல ஒரு நாள்கூட காட்டுக்குப் போனதில்ல." கத்தவே இல்லை. இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

கிளப்பிலும் சொன்னேன், அங்கே அபராதம் போட்டார்கள். பிறகு உன்னிடம் வந்த அந்தப் பத்திரிகைப் பையனைப் பிடித்துச் சொன்னேன். மாடிக் கதை என்னுடையது, அக்கா சொன்னது நான் சொல்லச் சொன்னது என்றேன். இதுவும் ஒரு பொய். இதை மட்டும் வைத்துக்கொள்ள விடு.

வால்மோவுக்கு அச்சில் வருவதற்கு முந்தின நாளே ஃபோன் செய்தேன்.

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சும் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லி? கம்பத்த விட்டது நான்தான."

"நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"நீங்க இல்லையே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அளவெடுத்துச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "வேற எதாச்சும் சொல்லணுமா?"

மன்னிப்புக் கேட்டேன். "சரி," என்றான். நான் அவனிடம் சொன்ன மாதிரி, பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அது சரிதான். அது நேர்மை.

இப்போது இங்கே உடைமாற்றும் அறையில் என் கொக்கியில் தினமும் அட்டையில் வெட்டிய மூஸ் கொம்பு தொங்குகிறது. எதிரணிக் கூட்டம் நான் பந்தைத் தொட்டால் மாடு மாதிரிக் கத்துகிறது. மூஸ் எப்படிக் கத்தும் என்று இந்த ஊரில் ஒருவனுக்கும் தெரியாது. முதலில் கழற்றிப் போட்டேன், இப்போது கொம்புக்கு மேலேயே சட்டையை மாட்டிவிடுகிறேன். அது எனக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் கருவிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மாய்பிரிட் டீச்சரிடம் நீ சொல்லிவிடு. இல்லை, வேண்டாம். நானே எழுதுகிறேன்.

ஹால்வார்


கிரான்லீடன்
11 ஆகஸ்ட் 1985

தம்பி ஹால்வாருக்கு,

இந்த வருடம் நீ தேசிய அணியில் இல்லை. ரேடியோவில் பெயர்களை வாசித்தார்கள், கேட்டேன். லெஃப்ட் பேக் யெர்க்கர் வால்மோ. ஆட்டம் மறுபடியும் வேட்டை வாரத்துப் புதன்கிழமைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சதுப்போரத்து இடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கடைசியில் நானே எடுத்தேன். கேட்டது பிர்யர்தானே, அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"எனக்கு வேணாம்க்கா," என்றான்.

"அஞ்சு வருஷமா கேட்ட?"

"கேட்டேன். இப்ப அங்க போய் உக்காந்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். நான் வாய வெச்சதாலதான அவன் வந்தான்."

எஸ்கில், "இவனுக்கு மனசாட்சின்னு ஒன்னு இருக்குன்னு நாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். உனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். அந்த இடத்தை வால்மோவுக்குக் கொடுப்போம் என்றேன். அவனும் காட்டுப் பக்கத்துக்காரன், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன். நாம் எட்டுப் பேரும் உட்கார்ந்து கைதட்டியதற்கு வேறு என்ன செய்ய முடியும்? எல்லோரும் கை தூக்கினார்கள். நானே கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்து எழுதினேன்.

நேற்று பதில் வந்தது, ஓர் அஞ்சலட்டை. மரியாதையாக எழுதியிருக்கிறான். 'கூப்பிட்டதற்கு நன்றி. நல்ல இடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வாரம் எனக்கு ஆட்டம் இருக்கிறது.'

அவ்வளவுதான். மேசையில் வைத்து ஒவ்வொருவராக வாசித்தோம். எஸ்கில் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆக இடம் காலியாக இருக்கிறது. விதிப்படி அது இன்னும் உன்னுடையதுதான், போன வருடம் நீ வந்தாய் அல்லவா. வருவதும் வராததும் உன் இஷ்டம். ஊரில் யாரும் உன்னைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. பேசினால் தேவலை. குழந்தைகளுக்கு நீ எழுதிய கடிதத்தை மாய்பிரிட் டீச்சர் வகுப்பில் வாசித்தாராம். எஸ்கிலின் பேத்தி கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்," என்றாளாம்.

சதுப்புப் பழம் இந்த வருடம் குறைவு. உனக்கு ஒரு புட்டிதான்.

அக்கா,
ஆஸ்தா


ஹெங்கலோ
20 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. அவனுக்குக் கொடுக்க நினைத்தது சரி. அவன் எழுதியதும் சரி. அந்த அட்டையைத் தூக்கிப் போடாதே. மண்டபத்தில் எந்தச் சுவரில் மாட்டுவது என்று நீயே முடிவு செய்.

இங்கே கிளப் என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. காரணம் மூஸ் இல்லை, முட்டி. இந்த முறை நிஜ வலி, யாரும் நம்பத் தயாரில்லை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். ஆலையில் மின்சாரப் பிரிவில் ஆள் தேவையா என்று அத்தானை விசாரிக்கச் சொல்.

வேட்டைக்கு வருகிறேன். நம் ஸ்டேஷனிலேயே இறங்குகிறேன். இந்த முட்டிக்கு வேகமாக ஓடத்தான் முடியாது, நடக்க முடியும். ஆகவே நான் நாய்க்குப் பின்னால் நடக்கிறேன். சதுப்போரத்து இடத்தில் பிர்யரை நிறுத்து. வேண்டாம் என்பான். கேட்காதே. வேட்டைத் தலைவியின் உத்தரவு என்று சொல். உன் கொம்பு கேட்கும் வரை அவன் அங்கேயே நிற்பான், எனக்குத் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லோரும் குடிசையில் இருக்க வேண்டும். நீயும் இரு. கறியை மறுநாள் கொண்டுபோகலாம். அவர்களுக்குக் கார்னர் கிடைத்தால் ரேடியோவை அணைக்கட்டுமா என்று யாரும் கேட்கக் கூடாது.

பேட்டரி புதிதாக நான் வாங்கி வருகிறேன்.

உன் தம்பி,
ஹால்வார்